வல்லைப் பாலத்தில் இளவேனில் எப்போது வருகிறது?

அச்சுவேலிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம். வடமராட்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அதனால் கிழமையில் ஐந்து நாளும் விடிய ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் கடல்நீரேரிக்கு மேலே போகும் வல்லைப் பாலத்தைக் கடக்கிறேன்.

போன கிழமை நான்காம் வகுப்பில் பருவங்கள் பாடம். கரும்பலகையில் ஆறு பருவத்தையும் எழுதி, இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும், மரம் துளிர்க்கும், பூப் பூக்கும், குயில் கூவும் என்று சொல்லிக்கொண்டு போனேன். பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், சித்திரையில மா எல்லாம் காயாப் போயிடும், இலுப்பை துளிர்த்து முடிஞ்சிடும், வெயில் தலையைப் பிளக்கும், அப்ப இளவேனில் எங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பாலத்தில் சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடமாவது பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இப்போது மாசி நடுப்பகுதி. விடிய ஆறரைக்கு வல்லை வெளியில் எதிரே வரும் பஸ் தெரியாத அளவுக்குப் பனி, லைட் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் அது இருந்த இடம் தெரியாது. தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, கரையில் சேறு தெரிகிறது, ஒரு மணம் வருகிறது. அதைக் கெட்ட மணம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிறகு இன்னொன்று. லைட் கம்பங்களில் வந்து இருக்கிற வெள்ளைக் கடற்காகங்களில் சிலவற்றுக்குத் தலை அழுக்குப் பட்டதுபோல் கறுத்து வருகிறது. தையில் அப்படி இருக்கவில்லை, அது எனக்கு நல்ல ஞாபகம்.

என் கேள்வி இதுதான். எங்கள் ஊரில் இளவேனில் உண்மையில் எப்போது தொடங்குகிறது? பாலத்தடியில் நின்று பார்த்தால் எதை வைத்து அதைச் சொல்லலாம்? வல்லைதான் என்றில்லை, தொண்டைமானாறு, கோப்பாய்–கைதடி, பொன்னாலை, எந்தப் பாலமென்றாலும் சரி. பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி கொடுத்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்த்ததை எழுத வைக்கலாம் என்று நினைக்கிறேன். எதைப் பார்க்கச் சொல்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வீச்சுவலை:

ரீச்சர், நான் தொண்டைமானாறு. அப்பாவும் அப்பப்பாவும் இந்த ஏரியில் வலை வீசினவர்கள், நானும் இருபது வருடத்துக்கு மேலாய் வீசுகிறேன். மரத்தையும் பூவையும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் ஏரி நிறையும். அந்த நேரம் வல்லைப் பாலத்தடித் தண்ணீரை வாயில் விட்டால் உப்பே தெரியாது, நிறமும் கலங்கல். அது முழுக்க எங்கள் பக்கம் வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். தொண்டைமானாற்றில் இருக்கும் கதவுகளைத் திறந்து விட்டால் வெள்ளம் இறங்கும், மூடினால் கடல் உள்ளே வராது. தையில் வாடைக்காற்று அலைத்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மாசி பிறந்த பிறகுதான் தெரியும். பாலத்துத் தூணைப் பாருங்கள். நேற்று நனைந்து கறுப்பாய் இருந்த பாசி இன்றைக்குச் சாம்பல் நிறம், நான்கு நாளில் காய்ந்து தோல் உரிகிறதுபோல் உரியும், அதற்குக் கீழே வெள்ளைக் கோடு விழும். அது உப்பு. அந்தக் கோடு முதன்முதலில் தெரிகிற நாளை எழுதி வையுங்கள். அப்பப்பா கலண்டர் பார்த்ததில்லை, அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது காற்று. வடமராட்சியில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏறுவது எல்லோருக்கும் தெரியும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அன்றைக்கு நிற்க இடமிராது. எங்கள் பெடியள் காற்றில் கூவுகிற விண் கட்டின பட்டத்தை இரவிலும் இறக்காமல் கட்டி விடுவார்கள், படுக்கையில் கிடந்தால் விடிய விடிய அந்தக் கூவல் கேட்கும். மாசியில் ஒரு இரவு அது கேட்காது. காற்று விழுந்துவிட்டது என்று அர்த்தம். வாடை ஓய்ந்து, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிற அந்த இடைவெளி இருக்கிறதே, ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். வலை விழுந்த வட்டம் அக்கரை வரைக்கும் விரிந்து போவதைப் பார்க்கலாம். வருடத்தில் வேறெந்த நேரத்திலும் அப்படிப் பார்க்க முடியாது. எனக்கு இளவேனில் என்றால் அதுதான்.

இறாலும் அப்போதுதான். மழைத் தண்ணீரில் ஏரிக்குள் வளர்ந்தது தண்ணீர் வடியும்போது கடலைத் தேடி இறங்கும். பாலத்தடியில் தண்ணீர் ஒடுங்கி ஓடுவதால் அங்கேதான் மீன்பாடு. முந்தி இடுப்பில் பறியும் கையில் லாம்புமாய் நின்றோம், இப்போது நெற்றியில் கட்டுகிற லைட். தூரத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு மின்மினி இறங்கினதுபோல் இருக்குமாம், என் மனுசி சொல்லுவாள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பாலத்தால் போகிறவர்கள் கோழிக்கழிவைப் பொலித்தீன் பையோடு ஏரிக்குள் எறிகிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற அதெல்லாம் சேற்றில் தெரிகிறது, வலையிலும் வருகிறது. நெஞ்சு எரிகிறது ரீச்சர்.


உப்பாற்றங்கரை:

நான் கைதடி. எங்கள் பாலம் கோப்பாய்–கைதடிப் பாலம், உப்பாற்றுக்கு மேலே. வல்லையோடு ஒப்பிட்டால் இங்கே தண்ணீர் இன்னும் கெதியாய் வற்றும், கரையில் உமரிச் செடி பச்சையிலிருந்து சிவப்பாய் மாறும். மாசிக் கடைசியில் வெயில் சாய்கிற நேரம் வந்து பாருங்கள், சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

ஆனால் எங்கள் வீட்டில் இளவேனில் என்பது பங்குனித் திங்கள், பங்குனி மாதத்துத் திங்கட்கிழமைகள். வலிகாமத்துச் சனம் பானையும் விறகுமாய் இந்தப் பாலத்தால்தான் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போகும். பொங்கலோடு கத்தரிக்காய்க் கறி. மட்டுவில் கத்தரிக்காய்க்கு ஒரு பேர் இருக்கிறது, அது நல்லாய்க் காய்க்கிற காலமும் அதுதான். பாலத்தில் பானையோடு போகிற முதல் வாகனத்தைக் கண்டால் பருவம் மாறிவிட்டது என்று அம்மா சொல்லுவா. ரீச்சர், உங்கள் கொப்பியில் இதையும் சேர்க்கலாம், சனமும் ஒரு அடையாளம்தானே.


பனிநாட்டான்:

கரணவாயில் பிறந்து முப்பது வருடமாய் நோர்வேயில் இருக்கிறேன். வீச்சுவலை அண்ணை எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த விண் கூவல் நின்ற இரவு எனக்கும் ஞாபகம் வந்தது.

இங்கே என் வீட்டுக்குக் கிட்ட ஆற்றுக்கு மேல் ஒரு பழைய கல்லுப் பாலம் இருக்கிறது. மார்ச் மாதம் பனிக்கட்டி உடைகிற சத்தம் கேட்கும், துவக்குச் சத்தம் மாதிரி. முதல் முறை கேட்டபோது எங்கள் ஊர் ஞாபகத்தில் பதறிப்போனேன். பிறகு பாலத்தடியில் வெயில் படுகிற சரிவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பூ வரும், இலை வருவதற்கு முன்னமே பூதான் முதலில். அதைக் கண்ட நாளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லுவார்கள். மே மாதம் தகைவிலான் குருவி வந்தால் கோடை வந்தாயிற்று என்று அர்த்தம். இந்தக் குருவிதான் வல்லை வெளியில் கரண்ட் கம்பியில் வரிசையாய் இருக்கிறது என்று நினைக்கிறேன், வாலில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு. அங்கேயிருந்து புறப்படுவதுதான் இங்கே வருகிறதா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அப்படியென்றால் எனக்கு மெத்தச் சந்தோசம்.


ஆட்காட்டி:

பனிநாட்டான் அண்ணை, இனம் ஒன்றுதான், ஆனால் வழி வேறு. நோர்வேயில் கூடு கட்டுகிற தகைவிலான் மாரிக்கு ஆபிரிக்காவுக்குப் போகிறது. எங்கள் கம்பியில் இருப்பது ஆசியாவின் வடக்கிலிருந்து வருவது. உங்கள் குருவியும் எங்கள் குருவியும் ஒரே மாதங்களில்தான் வடக்கே பறக்கின்றன, ஒன்றை ஒன்று காணாமல்.

ரீச்சர் கேட்ட கடற்காகத்துக்கு வருகிறேன். அழுக்கில்லை அது! பழுப்புத்தலைக் கடற்காகம் என்பது அதன் பெயரே. மாரியில் எங்களிடம் இருக்கும்போது தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுத்த புள்ளி மட்டும் இருக்கும். மாசி, பங்குனியில் புது இறகு வந்து தலை முழுக்கக் கரும்பழுப்பாகும், தொப்பி போட்டதுபோல். அது கூடு கட்டுவது திபெத்துப் பக்கத்து உயரமான ஏரிகளில். அந்தப் பயணத்துக்கான உடுப்பை எங்கள் பாலத்தில் இருந்துகொண்டுதான் மாற்றுகிறது. நான் ஏழு வருடமாய் வல்லையிலும் செம்மணியிலும் பார்க்கிறேன். ஒரே கம்பத்தில் ஒன்று வெள்ளைத் தலையோடும், பக்கத்தில் ஒன்று பாதி மாறியும், இன்னொன்று முழுத் தொப்பியோடும் இருக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, எண்ணவும் லேசு: பத்தில் எத்தனை தலை கறுத்தது என்று திங்களுக்குத் திங்கள் எழுதட்டும்.

கருவால் மூக்கனும் அப்படித்தான். நீளச் சொண்டால் சேற்றைக் குத்திக்கொண்டு சாம்பல் நிறத்தில் கூட்டமாய் நிற்கும். பங்குனியில் சிலவற்றுக்குக் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறமாகும். உள்ளான்களிலும் சில சிவக்கும். பூநாரையும் ஊசிவால் வாத்தும் இருக்கும்போது எல்லோரும் போட்டோ எடுக்க வருகிறார்கள், இந்தச் சின்னப் பறவைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது கவலை.

இன்னொன்று சொல்லவேண்டும். இங்கிலாந்திலோ நோர்வேயிலோ பறவை வந்தால் வசந்தம். எங்களுக்கு அது புறப்பட்டால் வசந்தம். பாடப்புத்தகத்தில் "பறவைகள் வந்து பாடும்" என்று இருந்தால் பிள்ளைகளுக்குக் குழப்பம்தான். விடியவும் மாலையும் ஆறு மணியளவில் வளவுகளில் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவியும் வந்து போகிற பறவை, சித்திரையில் அந்தக் குரல் நின்றுவிடும். நின்ற நாளை எழுதுங்கள். எங்கள் அடையாளங்களில் பாதி நின்றுபோகிறவைதான், வீச்சுவலை அண்ணை சொன்ன பட்டத்துச் சத்தம் மாதிரி.

போகாமல் நிற்பவையும் உண்டு. பவளக்காலி, ஆட்காட்டி இரண்டும் வற்றின வெளியில் வெறும் நிலத்தில்தான் முட்டையிடும், கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் பிள்ளைகளை வந்த வழியே திரும்பச் சொல்லுங்கள். அப்புறம், பாலத்தின் மேல் நிற்க வேண்டாம், அந்த நேர் றோட்டில் பஸ் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். வடமராட்சிப் பக்கத்து இறக்கத்தில் கீழே இறங்கி நின்றால் எல்லாம் தெரியும்.


சாய்மனைக்கதிரை:

ரீச்சர் பிள்ளை, உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், பஞ்சாங்கக் கணக்கில் கொஞ்சம் ஈடுபாடு. காரணம் இரண்டு.

முதலாவது, எங்கள் சித்திரை முதலாம் தேதி வானத்தில் சூரியன் மேட ராசிக்குள் போகும் நாள். வாக்கியப் பஞ்சாங்கமோ திருக்கணிதப் பஞ்சாங்கமோ, இரண்டும் நட்சத்திரங்களை வைத்துத்தான் ராசியைக் கணக்கிடுகின்றன. ஆனால் வெயிலும் குளிரும் நட்சத்திரத்தைப் பார்த்து வருவதில்லை, பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டித்தான் வருகின்றன. அந்த நாள் மார்ச் 20 அல்லது 21, எங்கள் கணக்கில் பங்குனி 7 அளவில். ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் இந்த இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை விலகி, இப்போது 24 பாகை, அதாவது 24 நாளுக்குக் கிட்ட வித்தியாசம் வந்துவிட்டது. இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். ஆகவே பழைய ஆட்கள் சித்திரை, வைகாசி என்று வகுத்த இளவேனில் இன்றைக்குப் பங்குனி முதல் கிழமையிலேயே தொடங்கிவிடுகிறது. அவர்கள் பிழையாய் எழுதவில்லை, நாள்தான் நகர்ந்தது.

இரண்டாவது, யாழ்ப்பாணம் இருக்கும் இடம். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதே முக்கால் பாகைக்குக் கிட்ட இருக்கிறோம். அதனால் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 14, 15 அளவில், வருடப்பிறப்போடு ஒட்டினாற்போல். அன்று நண்பகலில் நிலத்தில் ஒரு தடியை நேராய் நட்டுப் பாருங்கள், நிழல் காலடியிலேயே விழுந்துவிடும். தலைக்கு நேரே சூரியனை வைத்துக்கொண்டு இளவேனில் என்று எப்படிச் சொல்வது? இந்தத் தடியையும் உங்கள் பிள்ளைகள் கொப்பியில் சேர்க்கலாம், மாசியிலிருந்து நண்பகல் நிழலை அளந்துகொண்டு வந்தால் அது குறுகுவது தெரியும்.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்பதும் பொய்யில்லை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று இங்கேதான் சொன்னார்கள். விடியப் பின்பனி, பத்து மணிக்குப் பிறகு இளவேனில், ஒரே நாளுக்குள் இரண்டும் நடக்கிறது. நீங்கள் பாலத்தில் பார்த்தது அதுதான்.


வேப்பமரத்தடி:

எனக்குப் பாலமும் பறவையும் தெரியாது பிள்ளை, முற்றம் தெரியும். பனங்கிழங்கு கிண்டி முடிந்து, ஒடியல் பாயில் காய்ந்துகொண்டிருக்கும்போது இலுப்பை இலை கொட்டும். கொட்டி முடிவதற்குள் செம்பு நிறத்தில் துளிர் வந்துவிடும், நடுவில் மரம் மொட்டையாய் நிற்பது கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு வேம்பு. விடிய முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றில் வெள்ளைப் பூ ஒட்டினால் அன்றைக்கே மரத்தடியில் சீலை விரிக்க வேண்டியதுதான். உழுந்து, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் போட்டு வடகம் தட்டுவதற்கு அந்த வெயில்தான் நல்லது. மழைத்தூறலும் இல்லை, சோளகத்துப் புழுதியும் இல்லை. எல்லா வருடமும் அது பங்குனிதான்.


அச்சுவேலிக்காரி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை.

வீச்சுவலை அண்ணை, நேற்றுப் பின்னேரம் தூணைப் பார்த்தேன். பாசி சாம்பல் நிறமாகியிருக்கிறது, வெள்ளைக் கோடு இன்னும் விழவில்லை. பொலித்தீன் விசயம் வகுப்பில் கதைத்தேன். ஒரு பிள்ளையின் மாமா அப்படி எறிகிறவராம். இன்றைக்கு வீட்டுக்குப் போய் மாமாவோடு கதைப்பேன் என்றாள்.

சாய்மனைக்கதிரை ஐயா, உங்கள் விளக்கத்தைக் கரும்பலகையில் படம் கீறிச் சொன்னேன். பம்பரம் என்றதும் பெடியங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. முற்றத்தில் ஒரு தடி நட்டிருக்கிறோம். அன்றைய நிழல் ஒரு சாணும் மூன்று விரலும், பிள்ளைகள்தான் அளந்தார்கள்.

கொப்பியில் இப்போதைக்குப் பத்து வரி போட்டிருக்கிறேன்: தூண், மணம், காற்று, கடற்காகத்தின் தலை, கம்பியில் தகைவிலான் எண்ணிக்கை, உமரி, இலுப்பை, வேம்பு, நிழல், பிறகு பானையோடு போகும் வாகனம். ஆறுமணிக்குருவியை வீட்டிலிருந்தே கேட்டு எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். பனிநாட்டான் அண்ணை, தகைவிலான் கடைசியாய்க் கண்ட தேதியை இங்கே போடுகிறேன், உங்கள் பாலத்தில் முதல் குருவி வந்த தேதியை நீங்கள் போடுங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வகுப்பில் ஒட்டப் போகிறோம்.

கேள்வி கேட்ட பிள்ளைதான் முதல் பக்கத்தை எழுதியிருக்கிறாள். அவளைக் கேட்டுத்தான் இதைப் போடுகிறேன்: "திங்கள். விடிய பனி. பத்துக் கடற்காகத்தில் மூன்றுக்குத் தலை கறுப்பு. ஒன்று என்னைப் பார்த்தது. காற்று இல்லை."

வாற திங்கள் மறுபடியும் போடுகிறேன்.